தொண்ணூற்றெட்டு

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வாசல் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரில் பதினாறு டிகிரி. மழை இல்லை. மூடுபனி, எதிர்வீட்டு மாடியிலிருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில் என் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பத்தோரு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு தடவைகூட அவள் என் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு அலுவலகத்தில் குமாஸ்தா கேட்டபோது எட்டு வயது மகளை முன்னால் தள்ளிச் சொல்ல வைத்தாள். வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர்களுக்கு வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் காட்டினாள். "ஏங்க" என்பதுதான் எனக்கு அவள் வைத்த பெயர். அன்று காலை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல இனிஷியலோடு என் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"கடையை மூடிட்டியா?" என்று கேட்டாள்.

எனக்குக் கடை கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவள் என்னை 'நீ' என்று சொன்னதும் இல்லை. டீ டம்ளரோடு நின்றுவிட்டேன். "என்னம்மா?" என்றேன். அவள் கண் மூடியது, முகவாய் மார்பில் இடித்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து யாரோ வெளியாளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள்.

விரலில் மாட்டும் சின்ன மெஷினை எடுத்து அவள் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிடமாவது இருந்திருக்கும். இதை மறைக்காமல் எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு நுரையீரல் கெட்டு ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் பீடி, சிகரெட் யாரும் தொட்டதில்லை. கல்யாணம் வரை அவளுக்கு விறகடுப்பு. ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பதினோரு வருடம் மரத்தூள் அடுப்பு, அப்புறம் நாலு வருடம் மண்ணெண்ணெய் ஸ்டவ். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. அதை வைக்கவேண்டும் என்று பதினைந்து வருடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். எண்பத்தெட்டில் கேஸ் வந்த பிறகு ஜன்னலும் வைத்தோம்.

போன அக்டோபரில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். வீட்டிலும் ஆக்ஸிஜன் வேண்டும் என்றார்கள். மாத வாடகைக்கு ஒரு மெஷின் வந்தது. அறையின் காற்றை இழுத்து அதிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் பெட்டி அது. முன்புறம் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்னக் குண்டு. குமிழைத் திருப்பினால் குண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று லிட்டர் கணக்கில் மேலே ஏறும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் டாக்டர் எழுதியிருந்தார்: ஒரு லிட்டர். விரல் மெஷினில் எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும்.

'போதும்' என்ற சொல்தான் எனக்கு ஒத்துவரவில்லை. நான் மாநில அரசின் எடையளவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஆய்வாளனாக இருந்தவன். தராசு, படிக்கல், பெட்ரோல் பங்க், ஆட்டோ மீட்டர் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்தியிருக்கிறேன். எந்தத் தராசுக்கும் இவ்வளவு பிழை வரை விடலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையின் கீழ் விளிம்பிலேயே வருஷம் முழுக்கத் தராசை வைத்திருக்கும் வியாபாரியை நான் நம்பியதில்லை. சட்டப்படி அவன் தப்பு செய்யவில்லை. ஆனால் நல்லவனும் இல்லை. எண்பத்தெட்டு எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பார்க்கில் என்னோடு உட்காரும் நாலு பேரும் விரல் மெஷின் வைத்திருக்கிறார்கள். "எனக்கு தொண்ணூத்தேழு சார்", "எனக்கு தொண்ணூத்தொம்பது" என்பார்கள். என் மனைவிக்கு மட்டும் எண்பத்தொன்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், லிட்டர், விரல் எண், நாடி, குறிப்பு என்று ஆறு கட்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதினேன். அக்டோபரிலிருந்து ஒரு நாளும் விடவில்லை.

எட்டாம் தேதி மாலை குளிர் அதிகம். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஐந்து மணிக்கு எண்பத்தேழு. குமிழை இரண்டுக்குத் திருப்பினேன், தொண்ணூற்றிரண்டு வந்தது. ஏழு பத்துக்கு மூன்றுக்குத் திருப்பினேன்; தொண்ணூற்றேழு.

"போதுங்க, மூக்கெல்லாம் காயுது" என்றாள்.

"தொண்ணூத்தேழு வந்திருக்கு, தெரியுமா? இந்த மூணு மாசத்துல வந்ததே இல்ல."

"நம்பர் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தலை பாரமா இருக்கு."

குறிப்புக் கட்டத்தில் 'தலை பாரம்' என்று எழுதினேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். தினமும் படுத்து இரண்டு மணி நேரம் புரள்பவள் அன்று பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். நல்ல தூக்கம் என்று அதையும் எழுதினேன்.

மறுநாள் காலை நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வைட்ஃபீல்டில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். எங்களுக்கு அவள் ஒருத்திதான். "கிளம்பிட்டேன்ப்பா, இந்த நேரத்துல ஒன்றரை மணி நேரமாவது ஆகும்" என்றாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இன்னொரு காரியமும் செய்தேன். நினைவில்லாதவர்களின் வாயில் பல் செட் இருந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று எப்போதோ படித்திருந்தேன். மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, அடுப்பு மேடையில் வைத்து, தட்டால் மூடினேன். அந்தக் கலவரத்திலும் இதை ஞாபகமாகச் செய்தோமே என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது.

ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். அவசரப் பிரிவில் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முப்பது வயதுப் பெண், சேலம் பக்கத்துத் தமிழ். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்ல ஆக்ஸிஜன் எவ்வளவு வெச்சிருந்தீங்க சார்?"

நான் நோட்டை நீட்டினேன். இப்படி ஒழுங்காக எழுதிக்கொண்டு வருபவர்களை அவர் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். அவரும் மெச்சுவதுபோலத்தான் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க மூணுன்னு இருக்கே. யார் வெச்சது?"

"நான்தான்."

"யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. எண்பத்தேழு இருந்தது. கூட்டினேன். தொண்ணூத்தேழு வந்துடுச்சு. காலைலகூட தொண்ணூத்தெட்டு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஆக்ஸிஜன் உள்ள போறது ஒரு கணக்கு சார். கெட்ட காத்து வெளிய போறது இன்னொரு கணக்கு. விரல் மெஷின் முதல் கணக்கை மட்டும்தான் காட்டும். இவங்க நுரையீரல்ல ஆக்ஸிஜனை ரொம்ப ஏத்தினா கெட்ட காத்து உள்ளேயே தங்கிடும். ரத்தத்துல அந்தக் கெட்ட காத்து இவங்களுக்கு நாப்பத்தஞ்சு, ஐம்பது இருக்கணும். இப்ப தொண்ணூத்திரண்டு இருக்கு. அதான் இந்த மயக்கம், உளறல் எல்லாம்."

நான் உட்கார நாற்காலி தேடினேன். இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ கள்ளத் தராசைப் பிடித்திருக்கிறேன். இந்த விரல் மெஷின் கள்ளத் தராசு இல்லை. அது சரியாகத்தான் காட்டியது. அது எதைக் காட்டுகிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அதைக் கேட்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

"பிழைப்பாளா?" என்று கேட்டேன்.

"முகமூடி போட்டுப் பாக்கறோம். தொண்டைக்குள்ள குழாய் விடாம, வெளியேருந்தே மூச்சுக்குக் கை கொடுக்கற மெஷின். ஒரு மணி நேரத்துல மறுபடி ரத்தம் எடுப்போம். கெட்ட காத்து குறைஞ்சா நல்லது. குறையலைன்னா குழாய் போட வேண்டி வரும். இவங்க நுரையீரல் இருக்கற நிலைமைல, குழாய் போட்டா திரும்ப எடுக்கறது கஷ்டம் சார். அதையும் சொல்லிடறேன்."

எட்டு இருபதுக்கு முகமூடி மாட்டினார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் தெளிவான பிளாஸ்டிக், ஓரத்தில் மெத்தென்ற ரப்பர், தலையைச் சுற்றி நாலு பட்டை. அதிலிருந்து தடித்த குழாய் ஒன்று மெஷினுக்குப் போனது. அவள் மூச்சை இழுக்கும்போது மெஷின் காற்றை அழுத்தித் தள்ளும், விடும்போது தளர்த்தும். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் முகமூடி உட்காரவில்லை. இரண்டு கன்னத்து ஓரமும் காற்று பீறிட்டது. காதோரத்து நரைமுடி படபடவென்று பறந்தது. இமைகள் துடித்தன. சைக்கிள் டியூப் பஞ்சரானதுபோல் ஒரே சீறல்.

நர்ஸ் ஒரு கன்னடப் பெண், தமிழும் பேசினாள். பட்டையை இறுக்கினாள், தளர்த்தினாள். பெரிய முகமூடியை எடுத்துவிட்டுச் சின்னது போட்டாள். கன்னத்தோரம் பஞ்சுத்துணி மடித்து வைத்தாள். மெஷின் திரையில் எவ்வளவு காற்று வீணாகிறது என்று ஓர் எண் வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு. துணி வைத்ததும் ஐம்பத்தொன்று. துணி நகர்ந்ததும் மறுபடி ஐம்பத்தெட்டு. "ஆன்ட்டி, உசிரு எள்கொள்ளி, மூச்சு இழுங்க" என்று காதில் கத்திக்கொண்டே இருந்தாள். என் மனைவி நிமிடத்துக்கு முப்பத்து நாலு தடவை மூச்சு விட்டாள். நான் எண்ணினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒன்பது இருபதுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தொண்ணூற்றிரண்டு இப்போது தொண்ணூற்று நாலு.

டாக்டர் சீட்டை மடித்தார். "இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாம்" என்றார். குழாய் போடுவதற்கான தட்டைத் தயாராக வைக்கச் சொல்லி மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

அப்போதுதான் நர்ஸ் என் மனைவியின் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். கன்னம் உள்ளே ஒடுங்கியது.

"அங்கிள், ஆன்ட்டிக்குப் பல்லு செட்டா?"

"ஆமாம்."

"எங்கே அது?"

"வீட்ல. நான்தான் கழட்டி டம்ளர்ல போட்டு வெச்சேன்."

"ஐயோ அங்கிள்! பல்லு இல்லாம கன்னம் குழி விழுந்திருக்கு, மாஸ்க் எதுமேல உக்காரும்? டாக்டர், பல்லு இருக்காம், வீட்ல!"

டாக்டர் வந்து என் மனைவியின் காதருகில் கூப்பிட்டார். கண் திறந்தது. "கூப்பிட்டா முழிக்கறாங்க, இருமறாங்க, வாந்தி இல்ல. பக்கத்துலயே ஆள் நின்னு பாத்துக்கிட்டா பல் செட் போடலாம். முகம் முழுக்க மூடற மாஸ்க் ஒண்ணு இருக்கு, அது மேல் மாடில ஒருத்தருக்கு ஓடிக்கிட்டிருக்கு. யாரையாவது அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க சார்."

யாரை அனுப்புவது? எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். மகள் இன்னும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாள். நானே போனேன். ஒன்பது முப்பத்தைந்து.

ஆட்டோவில் ஏறி ஜீவனஹள்ளி என்றேன். இருபத்து மூன்று நிமிடம் ஆனது. கதவுக்கு முன்னால் பால் பாக்கெட் இரண்டு. சாவியைப் பூட்டில் நுழைக்கப் போனபோது தெரிந்தது, கதவு பூட்டவே இல்லை, சும்மா சாத்தியிருந்தது. வெளியே போகும்போது நான் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன். உள்ளே யாரோ இருப்பதுபோல் சத்தம் வேறு கேட்டது. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதை யாரும் நிறுத்தவில்லை. காலி கட்டில், கலைந்த போர்வை, தலையணைமேல் குழாய் கிடந்தது. அதன் இரண்டு துளையிலிருந்தும் காற்று புஸ்ஸென்று வந்து தலையணை உறையின் ஓரத்தை அசைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் குண்டு மூன்றில் நின்றது. ஆடாமல், அசையாமல், நான் முத்திரை குத்திய எந்தத் தராசின் முள்ளையும்விடச் சரியாக நின்றது. எனக்கு அந்தக் குமிழைத் தொடக் கை வரவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். குண்டு கீழே விழுந்தது.

டம்ளரை அப்படியே எடுத்துக்கொண்டேன். வேறு பாத்திரம் தேடத் தோன்றவில்லை. மேலே தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்டியது. அதே ஆட்டோதான், நிற்கச் சொல்லியிருந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னா பெரியவரே அது, கோயில் தீர்த்தமா?"

"பல்லு."

"என்னாது?"

"என் சம்சாரத்தோட பல் செட். ஆஸ்பத்திரில மாஸ்க் உக்கார மாட்டேங்குது. பல்லு இல்லன்னா குழாய் போட்டுடுவாங்க."

"கெட்டியா புடிச்சுக்கோங்க" என்றார். ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக நுழைந்தார். எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் திட்டினார். "யோவ், சும்மா போய்யா, இங்க ஒரு உசுரு போய்கிட்டு இருக்கு!" என்று இவர் திருப்பிக் கத்தினார். 'உசுரு போய்கிட்டு இருக்கு' என்று அவர் சொன்னது சாதாரணப் பேச்சுதான். ஆனாலும் நான் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பாதி வழியில்தான் கவனித்தேன், மீட்டர் போடவே இல்லை. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்டோ மீட்டருக்கு ஈய முத்திரை அடித்த கை இது. மீட்டர் போடாத ஆட்டோவில் நான் ஏறியதே கிடையாது. இறங்கியதும் நானூற்று இருபது கேட்டார், கொடுத்தேன்.

திரும்பி உள்ளே போகும்போது பத்து முப்பத்திரண்டு. மகள் வந்திருந்தாள். கையில் போன்.

"எங்கப்பா போனீங்க? அம்மாவ விட்டுட்டு எங்க போனீங்க? அந்த மெஷின் வாடகைக்குக் கொடுத்தவனை நான் விடப்போறதில்ல. என்னமோ செட்டிங் தப்பா வெச்சிருக்கான். இப்பவே கம்ப்ளெயின்ட் குடுக்கறேன்."

டம்ளரை நர்ஸிடம் கொடுத்தேன். பிறகு மகளிடம், "அவன் வைக்கலம்மா. நான்தான் கூட்டினேன்" என்றேன்.

"என்னாது?"

"ஒண்ணுல இருந்தது. மூணு வெச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். ஐம்பது வயது ஆகப்போகிறது அவளுக்கு. கத்துவாள் என்று காத்திருந்தேன். "ஏம்பா?" என்று மட்டும் கேட்டாள். தொண்ணூற்றெட்டு வரவேண்டும் என்பதற்காக என்று எப்படிச் சொல்வது?

நர்ஸ் பல் செட்டைக் கழுவித் துடைத்து மாட்டினாள், மேலே ஒன்று, கீழே ஒன்று. உடனே முகம் பழையபடி என் மனைவியின் முகம் ஆனது. காலையிலிருந்து யாரோ ஒரு வயதான அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது. முகமூடி உட்கார்ந்தது. சீறல் நின்றது. ஐம்பத்தெட்டு என்ற எண் முப்பதாகி, இருபத்திரண்டாகி, பதினாறில் நின்றது.

"பாருங்கம்மா, பதினாறு" என்றேன்.

"நம்பரைப் பாக்காதீங்க அங்கிள்" என்றாள் நர்ஸ். "ஆன்ட்டி வயித்தைப் பாருங்க. வயிறு ஏறி இறங்குதா பாருங்க. முழிச்சா மாஸ்கைப் பிடுங்குவாங்க, கையைப் பிடிச்சுக்கோங்க."

நான் கையைப் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பார்த்தேன். இரண்டு தடவை முகமூடியைப் பிடுங்க வந்தாள். இரண்டாவது தடவை நல்ல வலுவாக என்னைத் தள்ளினாள். மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வலு இன்னும் இருக்கிறதே என்று இருந்தது.

பதினொன்றரைக்கு எடுத்த ரத்தத்தில் எழுபத்தெட்டு. இரண்டு மணிக்கு அறுபத்தொன்பது. "குழாய் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது யாருடைய நாற்காலி என்றுகூடத் தெரியாது.

மறுநாள் காலை இட்லி சாப்பிடுவதற்காக இருபது நிமிடம் முகமூடியைக் கழற்றினார்கள். மூக்குத்தண்டில் சிவப்பாக ஒரு தடம். நல்ல நினைவோடு இருந்தாள். முதல் வார்த்தை: "பால் பாக்கெட் எடுத்து வெச்சீங்களா?"

"இல்ல. வாசல்லயே கெட்டுப்போயிருக்கும்."

"ரெண்டு பாக்கெட்டுமா?"

"ரெண்டும்தான். நேத்து நீ என் பேரைச் சொன்னே, தெரியுமா?"

"சீ! நானா?"

"இனிஷியலோட சொன்னே."

கையால் வாயை மூடிக்கொண்டாள். காது வரைக்கும் சிவந்தது. மகள் சிரித்தாள். நான் சிரிக்காமல் மிச்சத்தையும் சொன்னேன், ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திருப்பியதை. கேட்டுக்கொண்டே இட்லியைப் பிட்டாள்.

"பாயசத்துக்கு ஒரு லிட்டர் பால் வேணும்னா முக்கால் லிட்டர் போதும்னு அரை மணி நேரம் கணக்கு சொல்ற மனுஷன். இதுல மட்டும் என்ன தாராளம்!"

மகளும் நர்ஸும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல், "தலை பாரமா இருக்குன்னு சொன்னேனே" என்றாள்.

"சொன்னே. எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதினீங்க. கேக்கல."

இருபது நிமிடம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து முகமூடியை மாட்டினாள். அதற்குமேல் என் மனைவி பேச முடியாது. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அவள் கண் மட்டும் என்மேல் இருந்தது.

ஆறாம் நாள், பொங்கலன்று, வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி தினமும் படுக்கும்போது எட்டு மணி நேரம் முகமூடி போட்டுக்கொண்டுதான் தூங்கவேண்டும் என்றார் டாக்டர். அதற்குச் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கினோம். இன்ஷூரன்ஸ் அதற்குப் பணம் தராது. மெஷினைக் கொண்டுவந்து வைத்த ஆள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, யாரும் மாற்ற முடியாதபடி அதற்கு ஒரு ரகசிய எண் வைக்கலாம் என்றார். "வையுங்க" என்றாள் மகள். அவளை வெளியே கூடத்துக்கு அழைத்துப்போய் அந்த எண்ணை அவளிடம் மட்டும் சொன்னார். நான் படுக்கையறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆக்ஸிஜன் பெட்டியின் குமிழுக்கு மேலும் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, 'ஒன்று' என்று அவளே எழுதிவைத்தாள். பெற்ற மகள் என் வீட்டில் என் கைக்குப் பூட்டு போடுகிறாள். போடட்டும் என்று இருந்தது எனக்கு.

நோட்டில் இப்போது கட்டம் போடுவதில்லை. காலையில் அவள் எழுந்ததும், "தலை பாரமா இருக்கா?" என்று கேட்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை விரல் மெஷினை எடுப்பதில்லை. சில நாள் வேண்டுமென்றே நீட்டிச் சொல்கிறாள். கேட்கிறேன்.

முதல் வார முடிவில் அவள்தான் கேட்டாள். "எல்லாம் சேத்து எவ்வளவுங்க ஆச்சு? குறைச்சுச் சொல்லாதீங்க."

அவளுக்கு நான் எப்போதும் குறைத்துத்தான் சொல்வேன். பயப்படுவாள் என்று. அன்று ஆம்புலன்ஸிலிருந்து ஆரம்பித்தேன். ஆம்புலன்ஸ் இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆட்டோ நானூற்று இருபது. இன்ஷூரன்ஸ் போக ஆஸ்பத்திரிக்கு நான் கட்டியது அறுபத்தாறாயிரத்து நானூற்று முப்பது. மூச்சு மெஷின் எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. முகமூடி தனி, ஆறாயிரத்து இருநூறு.

"கூட்டிச் சொல்லுங்க."

யாரும் சொல்லாமல் நான் கூட்டி வைத்த இரண்டு லிட்டர் ஆக்ஸிஜனுக்கு ஆன விலை: ஒரு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து ஐம்பது ரூபாய்.